பசித் தாத்தாவுக்கு ஒரு சோற்றுருண்டை



சிறுவர் கதைகளை மொழிபெயர்க்கிறவள் என்பதால், இந்த மாலைக் கூட்டத்தில் ஏதாவது ஒரு புத்தகத்தைப் பற்றித்தான் பேசுவேன் என்று நூலக நண்பர்கள் நினைத்திருந்தார்கள். நான் ஒரு வீடியோ கேமைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டதும் தொலைபேசியில் ஒரு நொடி அமைதி. பிறகு, "பேசுங்கம்மா, அப்படின்னா பசங்களையும் வரச் சொல்றோம்" என்றார்கள். வந்திருக்கிறார்கள். முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் தனி வணக்கம்.

2016 கோடை விடுமுறை. என் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. அமெரிக்காவிலிருந்து வந்த என் தம்பி, மருமகனுக்கென்று ஒரு நின்டெண்டோ 3டிஎஸ் கருவியைக் கொண்டுவந்தான். உள்ளங்கையில் அடங்கும் கருவி. மடக்கினால் டப்பா போல மூடிக்கொள்ளும். மேலே ஒரு திரை, கீழே ஒரு தொடுதிரை. கூடவே ஒரே ஒரு விளையாட்டு. யோகாய் வாட்ச்.

அதில் படிக்க நிறைய இருந்தது. எதிரில் வருகிற ஒவ்வொருவரும் பேசுகிறார்கள், பேச்செல்லாம் ஆங்கில எழுத்தாக ஓடுகிறது. என் மகனுக்கு அந்த வயதில் அவ்வளவு வேகமாக ஆங்கிலம் படிக்க வராது. அதனால் நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் அந்த நொடியிலேயே தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. மே மாதம் முழுக்க, மதியச் சாப்பாடு முடிந்ததும் மின்விசிறிக்குக் கீழே எங்கள் இருவருக்கும் அதுதான் வேலை. அந்த விளையாட்டின் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான். ஒரு நகைச்சுவை எங்கே பிறக்கிறது என்பது, அதை இன்னொரு மொழிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது கையில் கனமாகத் தெரியும்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் ஃபுகுவோகா நகரத்தில் லெவல்-5 என்றொரு நிறுவனம். 1998-இல் அதைத் தொடங்கியவர் அகிஹிரோ ஹினோ. அவர்கள் 2013 ஜூலை 11 அன்று ஜப்பானில் வெளியிட்ட விளையாட்டு இது. ஆங்கிலத்தில் அமெரிக்காவுக்கு வந்தது 2015 நவம்பரில். ரோல்பிளேயிங் கேம் என்று சொல்கிற வகை. கதைக்குள் ஒரு ஆளாக நாம் நடக்கிறோம், பேசுகிறோம், மோதுகிறோம், கொஞ்சம் கொஞ்சமாக வலுவடைகிறோம். அதிலும் பூதங்களைப் பிடித்துச் சேர்த்து, அவற்றையே நம் படையாக வைத்துக்கொள்கிற உள்வகை. போகிமான் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முன்வரிசையில் எல்லாத் தலையும் ஆடுகிறது.

கதை கோடை விடுமுறையில் தொடங்குகிறது. சகுரா நியூ டவுன் என்ற சாதாரணக் குடியிருப்புப் பகுதி. வீடுகள், கடைத்தெரு, பள்ளிக்கூடம், ஊரோரம் ஒரு குன்று. கேத்தா என்ற பையன் பூச்சி பிடிக்கக் குன்றின் மேல் ஏறுகிறான். ஆங்கிலத்தில் அவன் பெயர் நேட். பையன் வேண்டாம் என்றால் ஒரு பெண்ணாகவும் ஆடலாம். அங்கே பழைய மரம் ஒன்றின் அடியில், காசு போட்டால் குட்டி உருண்டைக்குள் பொம்மை விழுமே, அந்த மாதிரி ஒரு பெட்டி நிற்கிறது. உள்ளிருந்து ஒரு குரல் கூப்பிடுகிறது. காசு போடுகிறான். 190 வருடம் அடைபட்டுக் கிடந்த ஒரு வெள்ளை ஆவி வெளியே வருகிறது. பெயர் விஸ்பர். விட்டதற்கு நன்றியாக, உன் வேலைக்காரனாக இருக்கிறேன் என்று ஒட்டிக்கொள்கிறது. ஒரு கைக்கடிகாரத்தையும் கொடுக்கிறது. அந்தக் கடிகாரத்தின் ஒளியைப் பாய்ச்சினால், கண்ணுக்குத் தெரியாமல் ஊரெங்கும் உலவிக்கொண்டிருக்கும் யோகாய்கள் தெரியும்.

யோகாய் என்பதை நான் முதல் நாள் 'பேய்' என்றுதான் சொன்னேன். இரண்டாம் நாளே மாற்றிக்கொண்டேன். பேய் என்றால் நமக்குச் செத்தவர்கள். யோகாயில் செத்தவர்களும் உண்டு, விலங்குகள் உண்டு, பழைய குடை உண்டு, ஆற்றில் வாழும் குள்ளன் உண்டு. குட்டிச்சாத்தான் என்ற நம் சொல்தான் அதற்குக் கிட்டத்தில் வருகிறது. பெரிய கெடுதல் செய்யாது, சும்மாவும் இருக்காது.

இந்தக் குட்டிச்சாத்தான்கள் என்ன செய்கின்றன என்பதில்தான் விளையாட்டின் முழு அழகும் இருக்கிறது. இவை உலகை அழிக்க வந்தவை அல்ல. ஒருநாள் பையன் வீட்டுக்கு வருகிறான். அம்மாவும் அப்பாவும் அற்பக் காரணத்துக்கு முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கடிகார ஒளியை அடிக்கிறான். வீட்டுக்குள் பருமனான ஒரு அம்மாள், முகமெல்லாம் இருண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் இருக்கிற இடத்தில் மனம் கசக்கும், பேச்சு சண்டையாகும். ஆங்கிலத்தில் அவள் பெயர் டிஸ்மரெல்டா. அவளுக்கு ஒரு கணவன் உண்டு, ஹாப்பியேர். அவன் இருக்கிற இடத்தில் எல்லோருக்கும் முகம் மலரும். இருவரும் சேர்ந்திருந்தால் வீடு சமநிலையில் இருக்கும்.

என் பாட்டி இருந்தவரை, வீட்டில் காரணமில்லாமல் சண்டை மூண்டால், "வீட்டுக்குள்ள என்னமோ பூந்துடுச்சு" என்பாள். அதற்கு மேல் விசாரணை கிடையாது. யார் முதலில் ஆரம்பித்தது, யார் பெரிதாகக் கத்தினது என்ற கணக்கெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் கரைந்துபோகும். எழுந்து போய் வாசலில் தண்ணீர் தெளிப்பாள். டிஸ்மரெல்டாவைப் பார்த்த அன்று என் மகனுக்கு அந்த வாக்கியத்தைத்தான் தமிழாக்கமாகச் சொன்னேன். "பூந்தது இதுதானாம்மா?" என்று அவன் திரையைத் தொட்டுக் காட்டினான். என் பாட்டி 'என்னமோ' என்று விட்டுவைத்திருந்த இடத்தில் இப்போது ஒரு ஆள் உட்கார்ந்திருந்தாள். பெயரோடு, முகத்தோடு, புருஷனோடு.

அதிலிருந்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெயர் வந்த பிறகு அவளோடு பேச முடிகிறது.

பூதத்தைப் பிடித்துச் சேர்க்கும் விளையாட்டுகள் ஜப்பானில் இதற்கு வெகு முன்பே உண்டு. 1987-இல் வந்த மெகாமி டென்செய் விளையாட்டில், எதிரே வரும் அசுரர்களிடம் பேச்சுவார்த்தை நடத்தித் தன் பக்கம் இழுக்கலாம். 1992-இல் வந்த டிராகன் குவெஸ்ட் ஐந்தாம் பாகத்தில், அடிபட்டு விழுந்த பூதம் சில சமயம் எழுந்து நின்று, கூட வரட்டுமா என்பது போல நம்மைப் பார்க்கும். 1996-இல் போகிமான் வந்தது. அதை உருவாக்கிய சதோஷி தஜிரி, சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்த்த சந்தோஷத்தை அதில் வைத்தார். பூச்சியைக் குடுவையில் அடைப்பது போல, போகிமானை ஒரு பந்துக்குள் அடைக்கிறோம். எனக்குப் போகிமான் மேல் எந்தக் குறையும் இல்லை. ஆனால் யோகாய் வாட்சில் பந்து கிடையாது, குடுவை கிடையாது. சாப்பாடுதான் உண்டு.

ஒவ்வொரு யோகாய்க்கும் ஒரு பிடித்த சாப்பாடு. மோதல் நடந்துகொண்டிருக்கும்போதே, கடையில் வாங்கி வைத்திருக்கிற தின்பண்டத்தை எதிராளியை நோக்கி வீசலாம். அதற்குப் பிடித்ததாக இருந்தால் முகம் இளகும். மோதல் முடிந்ததும், எல்லாச் சமயமும் இல்லை, சில சமயம், அது திரும்பி நம்மிடம் வரும். தன் குணத்துக்கு ஏற்ற ஒரு வாக்கியம் பேசும். தன் உருவம் பொறித்த ஒரு மெடலைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடும். போய்விடும் என்பதைக் கவனியுங்கள். அது நம் பையில் அடைபட்டு இருப்பதில்லை. தேவைப்படும்போது மெடலைக் கடிகாரத்தில் செருகிக் கூப்பிடுகிறோம், வருகிறது. ஃபோன் நம்பர் கொடுத்துவிட்டுப் போவது மாதிரி.

ஹங்க்ராம்ப்ஸ் என்று ஒரு தாத்தா யோகாய். அவர் பக்கத்தில் வந்தால் யாருக்கும் திடீரென்று அகோரப் பசி எடுக்கும். அவருக்குப் பிடித்தது சோற்றுருண்டை. ஜப்பானியர் ஒனிகிரி என்று பிடித்து வைத்துச் சாப்பிடுவார்களே, அது. ஊருக்கே பசி கிளப்புகிறவருக்குச் சோறு போட்டால் நண்பராகிவிடுகிறார். இதைத் தமிழில் சொன்னதும் என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே, எத்தனை சரியாக யோசித்திருக்கிறார்கள் என்று தோன்றியது. பசியைக் கிளப்புகிறவர் பசித்திருக்கிறார். அவரை விரட்ட மந்திரம் எழுதியிருக்கலாம். ஒரு உருண்டைச் சோறு என்று எழுதியிருக்கிறார்கள்.

மோதல் எப்படி நடக்கிறது என்று பெரியவர்களுக்கும் கொஞ்சம் சொல்கிறேன். நம் பக்கம் ஆறு யோகாய்கள், ஒரு சக்கரத்தின் மேல் வட்டமாக நிற்கின்றன. முன்னால் இருக்கிற மூன்று மட்டும் சண்டை போடும். கீழ்த்திரையில் சக்கரத்தைச் சுழற்றினால் பின்னால் இருப்பவை முன்னால் வரும். அடி, தடு என்று நாம் உத்தரவு போட முடியாது. அவை தாமாகவே சண்டை போடுகின்றன. சோம்பல் குணமுள்ள ஒன்று, நெருக்கடியான நேரத்தில் சும்மா நின்று வேடிக்கை பார்க்கும். நாம் செய்யக்கூடியதெல்லாம் வேறு. எதிராளி ஏவிய கெட்டது ஒட்டிக்கொண்டால், அந்த யோகாயைப் பின்னால் அனுப்பி, திரையைத் தேய்த்தும் சுழற்றியும் அதைக் கழுவிவிடலாம். பெரிய வித்தை செய்ய அது தயாரானால், வட்டம் போட்டோ கோலத்தைத் தொடர்ந்தோ கைகொடுக்கலாம். சோம்பேறிக்குப் படிக்கப் புத்தகம் கொடுத்துக் குணத்தையே மெல்ல மாற்றலாம். இந்தக் கடைசி விஷயத்தை நான் சொல்லும்போது நூலகக்காரர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், பார்த்துவிட்டேன்.

இந்தச் சக்கரமுறையைச் சில பேர் குறை சொல்வார்கள். ஆடுகிறவன் கையில் போதிய அதிகாரம் இல்லை என்பார்கள். ஓரளவு உண்மைதான், கடினமான எதிரியிடம் தோற்கும்போது எரிச்சல் வரும். ஆனால் ஆறு பேர் உள்ள வீட்டை நடத்துகிற எவருக்கும் அந்தச் சக்கரம் பழக்கமான பொருள். ஒருவன் உம்மென்று இருக்கிறான், ஒருத்திக்கு உடம்பு சரியில்லை, ஒருவன் இன்று அதிசயமாக உற்சாகமாக இருக்கிறான். யாரை முன்னால் அனுப்புவது, யாரைச் சற்றே ஓய்வெடுக்க விடுவது என்று பார்த்துப் பார்த்துச் சுழற்றுகிறோம்.

இவ்வளவும் புதிதாக முளைத்ததா என்றால், இல்லை. ஜப்பானியர் யோகாய்களோடு விளையாடுவது எடோ காலத்துப் பழக்கம். 1776-இல் தொரியாமா செகியென் என்ற ஓவியர், யோகாய்களைப் பக்கத்துக்கு ஒன்றாக வரைந்து, பெயரிட்டு, மர அச்சில் ஒரு நூல் வெளியிட்டார். பெயர் கஸு ஹ்யாக்கி யாக்யோ. நூறு பூதங்கள் இரவில் ஊர்வலம் போவதன் படத்தொகுப்பு என்று சொல்லலாம். அதன் வரவேற்பைப் பார்த்து மேலும் மூன்று தொகுப்புகள் போட்டார். ஊரில் வழங்கிய பூதங்கள் தீர்ந்துபோனபோது அவரே புதிதாகப் படைக்க ஆரம்பித்தார். 1784-இல் வந்த கடைசித் தொகுப்பில் பாதிக்கு மேல் வீட்டுச் சாமான்கள். பழைய பொருள் நூறு வருடம் கிடந்தால் உயிர் பெற்று எழும் என்று ஜப்பானில் ஒரு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையை எடுத்துக்கொண்டு, சொல்லை உடைத்தும் ஒட்டியும் சிலேடையாலேயே பூதங்களை உண்டாக்கினார் செகியென். இருநூற்று முப்பது வருடம் கழித்து லெவல்-5 செய்ததும் இதே வேலைதான். எடோ காலத்திலேயே பிள்ளைகள் ஆடும் சீட்டு விளையாட்டும் ஒன்று இருந்தது, ஒபாகே கருட்டா. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பூதம். ஒருவர் குறிப்பை வாசிப்பார். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் பாய்ந்து சரியான சீட்டை எடுக்க வேண்டும். யாரிடம் அதிகச் சீட்டு சேர்கிறதோ அவர் ஜெயித்தார். பூதம் சேர்க்கும் விளையாட்டின் கொள்ளுப்பாட்டி அந்தச் சீட்டுக்கட்டு.

நடுவில் ஒருவர் இவற்றையெல்லாம் ஒழித்துக்கட்டப் பார்த்தார். இனோவே என்ரியோ என்ற தத்துவ அறிஞர். 1887-இல் அவர் தொடங்கிய தத்துவப் பள்ளிதான் இன்றைய தோயோ பல்கலைக்கழகம். மூடநம்பிக்கையை விரட்ட வேண்டும் என்று ஊர் ஊராகப் போய் யோகாய்க் கதைகளைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் அறிவியல் விளக்கம் எழுதினார். ஜனங்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'யோகாய் டாக்டர்'. அவர் திரட்டியது பிற்பாடு யோகாய்ப் பிரியர்களுக்கே பெரிய களஞ்சியமாகப் பயன்பட்டது. அதற்கப்புறம், இரண்டாம் உலகப் போருக்குப் போய், ரபாவுல் என்ற ஊர்ப் பக்கம் இடக்கையை இழந்து திரும்பிய ஷிகேரு மிஸுகி என்ற ஓவியர், எஞ்சிய ஒரு கையால் கிதாரோ என்ற காமிக்ஸை வரைந்து, யோகாய்களை மறுபடி ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுவந்தார். 2015 நவம்பரில் 93 வயதில் காலமானார். அந்தக் கையைப் பற்றி நினைக்காமல் என்னால் அவர் படங்களைப் பார்க்க முடிவதில்லை.

இப்போது பெயர்களுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிரியமான பகுதி.

நான் இதுவரை சொன்ன பெயர்களில் பல ஆங்கிலக்காரர்கள் வைத்தவை. ஜப்பானிய மூலத்தில் பெயரே பாதி நகைச்சுவை. பசித் தாத்தாவுக்கு அங்கே பெயர் ஹிமோஜீ. ஜப்பானிய மொழியில் ஹிமோஜீ என்றால் பசிக்கிறது. 'ஜீ' என்றால் கிழவர். ஆக, பசியும் தாத்தாவும் ஒரே சொல்லில். இன்னொன்று, வௌவால் யோகாய். அது ஒட்டிக்கொண்டால் ஆள் அறையை விட்டு வெளியே வரமாட்டான். அப்படி வீட்டுக்குள் முடங்கிவிடுகிறவர்களுக்கு ஜப்பானில் ஹிகிகோமோரி என்று பெயர். வௌவாலுக்குக் கோமோரி என்று பெயர். இரண்டையும் ஒட்டியதுதான் அந்த யோகாயின் பெயர். இருட்டு அலமாரிக்குள் தொங்குகிற பிராணிக்கு வேறு எந்தப் பெயர் பொருந்தும்? மறதியை உண்டாக்குகிற ஒரு தொப்பி உண்டு, தலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பெயர் வாஸுரென்போ. மறதிக்காரன் என்று பொருள். கடைசியில் வருகிற 'போ' என்பதைத் தொப்பிக்கான எழுத்தால் எழுதிவிட்டார்கள், அவ்வளவுதான், வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் அதை 'அது என்ன' என்ற கேள்வியும் தொப்பியும் சேர்ந்தாற்போல வாஸாட் என்று ஆக்கியிருக்கிறார்கள். ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் இந்த விளையாட்டில் செய்திருப்பது பெரிய வேலை என்று தொழில் தெரிந்தவளாகச் சொல்கிறேன்.

ஆனால் ஆங்கிலப் பெயரை அப்படியே சொன்னால் ஒன்பது வயதுத் தமிழ்ப் பையனுக்குச் சிரிப்பு வருமா? வராது. அதனால் நாங்கள் பெயர் வைக்க உட்கார்ந்தோம். ஒரு பழைய டைரியை எடுத்துக்கொண்டோம். பசித் தாத்தாவுக்கு முதலில் சும்மா 'பசித் தாத்தா' என்றுதான் இருந்தது. எங்கள் தெருவில் பசுபதி என்றொரு பெரியவர். ஒருநாள் என் மகன் அவர் பெயரைச் சொல்லவந்து நாக்கு தடுமாறி 'பசிபதி' என்றான். டைரியில் அன்றே ஏறிவிட்டது, பசிபதித் தாத்தா. மறதித் தொப்பிக்கு ஒரு வாரம் ஆனது. தலைப்பாகை என்ற சொல் கிடைத்ததும் வழி திறந்துகொண்டது. மறப்பும் பாகையும் சேர்ந்து மறப்பாகை. முடங்கும் வௌவாலுக்கு 'வீட்டுவால்' என்று வைத்தோம். மனதில் இருக்கிற ரகசியத்தையெல்லாம் வாய்விட்டுக் கொட்ட வைக்கிற ஒரு கிழவி உண்டு. நம் ஊரில் கொள்ளிவாய்ப் பிசாசு ஏற்கெனவே இருக்கிறதே என்று அவளை உளறுவாய்ப் பிசாசு ஆக்கினோம். டிஸ்மரெல்டாவுக்குச் சோகவல்லி. இதில் எனக்கு இன்னும் திருப்தி இல்லை. முன்வரிசையில் யாருக்காவது நல்ல பெயர் தோன்றினால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள், டைரியில் எழுதிக்கொள்கிறேன்.

கோமாசான் விஷயத்தில் நான் தோற்றேன். கோயில் வாசலில் காவலிருக்கும் சிங்கநாய் அது. கிராமத்திலிருந்து மூட்டையோடு பட்டணத்துக்கு வந்து, பார்ப்பதற்கெல்லாம் வாய் பிளக்கும். ஐஸ்கிரீம் என்றால் உயிர். அது வியந்தால் 'மோங்கே' என்கிறது, ஒகாயாமா பக்கத்து வட்டார வழக்கு. ஆங்கிலத்தில் அமெரிக்கத் தென்மாநிலத்து இழுவையில் பேச வைத்திருக்கிறார்கள். தமிழில் எந்த ஊர் வழக்கைக் கொடுப்பது? எந்த ஊரைக் கொடுத்தாலும் அந்த ஊர்க்காரர்களைக் கிண்டல் செய்வது போல ஆகிவிடுமோ என்ற தயக்கம் எனக்கு. கடைசியில் என் மகன்தான், என் மாமியார் பேச்சை எடுத்து அதன் வாயில் வைத்தான். 'ஆத்தாடி' என்று அது வியக்க ஆரம்பித்தது. அதில் கிண்டல் இல்லை. அவனுக்கு ஆச்சியின் மேல் இருந்த பிரியம் முழுக்கக் கோமாசான் மேல் போய் இறங்கியது.

ஜிபான்யானைப் பற்றிச் சொல்லாமல் இந்த விளையாட்டைப் பற்றிப் பேச முடியாது. சிவப்புப் பூனை, பின்னால் இரண்டு வால், இரண்டின் நுனியிலும் நீலச் சுடர். ஜிபாகுரெய் என்றால் செத்த இடத்தை விட்டுப் போக முடியாமல் அங்கேயே கட்டுண்டு கிடக்கும் ஆவி. ஜப்பானில் பூனை 'ந்யான்' என்று கத்தும். இரண்டும் சேர்ந்தது அவன் பெயர். உயிரோடு இருந்தபோது ஒரு பெண் வளர்த்த பூனை. ஒரு நாற்சந்தியில் லாரி மோதிச் செத்துப்போனான். சாகும் நொடியில், தன்னை வளர்த்தவள் சொன்ன ஒரு சொல் அவன் காதில் விழுந்தது. லாரியில் அடிபட்டுச் சாவதா, கேவலம் என்கிற மாதிரியான சொல். ஜப்பானியில் 'தசை' என்பார்கள். அவமானம் என்றால் கனமாகிவிடுகிறது, அசிங்கம் என்றால் வேறு பொருள் வருகிறது. நான் தடுமாறிக்கொண்டிருக்க, என் மகன், "மொக்கைன்னு சொல்லியிருப்பாங்கம்மா" என்றான். அதுதான் சரியான சொல். செத்துக்கொண்டிருக்கும் பூனையைப் பார்த்து 'மொக்கை'.

அன்றிலிருந்து ஜிபான்யான் அதே நாற்சந்தியில் நிற்கிறான். போகிற வருகிற லாரிகளோடு குத்துச்சண்டை போடுகிறான். லாரியை ஒருமுறையாவது ஜெயித்துவிட்டால் தான் மொக்கை இல்லை என்று ஆகிவிடும் அல்லவா? ஒவ்வொரு முறையும் தூக்கி எறியப்படுகிறான். அவன் பறந்து போய் விழுகிற காட்சி சிரிப்புக்காகவே வரையப்பட்டது. பார்த்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். என் மகன் இரண்டு முறை சிரித்தான். மூன்றாம் முறை கருவியை மூடி வைத்துவிட்டு, "இவனுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்னு பாரும்மா" என்றான். பிற்பாடு வந்த அனிமே தொடரில், ஜிபான்யான் அந்தப் பெண்ணைக் காப்பாற்றத்தான் லாரிக்கு முன்னால் பாய்ந்தான் என்று கதை விரிகிறது. இருந்தாலும் என்னைத் தொட்டது அந்த முதல் வடிவம்தான். ஒரு சொல் காதில் விழுந்து, செத்த பிறகும் அதை எதிர்த்துக் குத்துச்சண்டை போட்டுக்கொண்டிருக்கும் ஒரு பூனை. பிள்ளைகளோடு பழகுகிற ஆசிரியர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். போகிறபோக்கில் நாம் சொல்லிவிட்டுப் போகிற சொல்லோடு எத்தனை நாற்சந்தியில் எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்களோ.

ஜப்பானில் இந்த விளையாட்டு வெளிவந்த மாதமே ஊரைக் கலக்கிவிடவில்லை. 2014 ஜனவரியில் டிவி டோக்கியோவில் அனிமே தொடங்கிய பிறகுதான் தீ பிடித்தது. அந்த ஜூலையில் வந்த இரண்டாம் பாகம் சில நாட்களிலேயே பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. டிசம்பரில் வந்த முதல் திரைப்படம் 780 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. பந்தாய் நிறுவனம் செய்த பொம்மைக் கடிகாரத்துக்கும் மெடலுக்கும் பெற்றோர்கள் கடைவாசலில் வரிசையில் நின்றார்கள். உள்ளே எந்த மெடல் இருக்கிறது என்று தெரியாமல் மூடிய உறையில் விற்கும் அந்த வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. சோறு போட்டு நண்பனாக்கச் சொல்லித்தரும் ஒரு விளையாட்டுக்குப் பக்கத்தில், காசைக் கொட்டி அதிர்ஷ்டத்தைத் தேடச் சொல்லும் ஒரு வியாபாரம் உட்கார்ந்திருப்பது வருத்தமான விஷயம்.

இன்னொரு கேள்வி, ஒரு ஆசிரியத் தோழி என்னிடம் கேட்டது. வீட்டுப்பாடம் செய்யவில்லையா, யோகாய் செய்தது. பொய் சொன்னாயா, யோகாய் சொல்ல வைத்தது. பிள்ளைகளுக்குச் சாக்கு சொல்லக் கற்றுக்கொடுக்காதா இது? ஜப்பானில் அப்படிச் சொல்லித் திரிந்த பிள்ளைகள் உண்டு. என் வீட்டிலும் நடந்தது. பள்ளி திறந்த முதல் வாரம் தண்ணீர்ப் புட்டியை மூன்று நாள் தொடர்ந்து வகுப்பிலேயே விட்டுவிட்டு வந்தான். கேட்டால், "மறப்பாகை உக்காந்துட்டான்" என்றான். எனக்குக் கோபம் வந்தது. திட்ட வாயெடுத்தவள், அந்த விளையாட்டிலேயே ஊறியிருந்ததாலோ என்னவோ, "சரி, அவனுக்கு என்ன குடுத்தா நம்ம பக்கம் வருவான்?" என்று கேட்டேன். அவன் நிஜமாகவே யோசித்தான். மறுநாள், பையின் ஜிப்பில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டிக்கொண்டான். அது மறப்பாகைக்குப் பிடித்த தீனியாம். பையை மூடும்போது ரிப்பன் கையில் படும், புட்டி ஞாபகம் வரும். ரிப்பன் வந்த பிறகும் இரண்டு முறை புட்டி தொலைந்தது. முழுவதும் திருந்திவிட்டான் என்று சொன்னால் பொய்.

விளையாட்டிலும் அப்படித்தான். நண்பரான பிறகும் பசிபதித் தாத்தா பசியைத்தான் கிளப்புகிறார், குணம் மாறுவதில்லை. ஆனால் இப்போது நம் பக்கம் நின்று கிளப்புகிறார். மறதி என் தவறு என்று ஒரு பிள்ளையைத் தலைகுனிய வைத்தால், அந்தப் பிள்ளைக்கும் மறதிக்கும் நடுவில் இடைவெளியே இல்லாமல் போய்விடுகிறது, பிள்ளையே மறதியாகிவிடுகிறது. மறதிக்கு ஒரு தொப்பியைப் போட்டு எதிரில் உட்கார வைத்தால், இருவரும் பேசிக்கொள்ளலாம். என் தோழிக்கு நான் சொன்ன பதில் இது. அவள் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை. வகுப்பில் நாற்பது மறப்பாகைகளை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

இந்த விளையாட்டு இப்போது கிடைக்குமா என்று வாசலில் ஒரு பையன் கேட்டான். அந்தக் கருவிக்கான இணையக் கடையை நின்டெண்டோ 2023 மார்ச்சில் மூடிவிட்டது. ஆங்கிலத்தில் ஆட, இனி யாரிடமாவது பழைய கார்ட்ரிட்ஜ் இருந்தால்தான் உண்டு. எங்கள் 3டிஎஸ் இன்னும் வேலை செய்கிறது. கீழ்த்திரையில் ஒரு கீறல், சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றி விழுந்தது. அடுத்த ஞாயிறு இங்கே கொண்டுவந்து வைக்கிறேன். வரிசையாக வந்து ஆடுங்கள்; வசனத்தை நான் தமிழில் சொல்கிறேன்.

என் மகன் இப்போது கல்லூரி விடுதியில் இருக்கிறான். போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டான். குரல் சரியில்லை. நாலு நாளாக வகுப்புக்குப் போகவில்லை, அறையிலேயே படுத்திருக்கிறேன் என்று சொல்ல அவனுக்குக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "அம்மா, வீட்டுவால் வந்து தொங்குதும்மா."

"எத்தனை நாளா கண்ணா?"

"திங்கக்கிழமையிலேர்ந்து."

"சாப்பிட்டானா அவன்?"

"இல்ல."

"நீ?"

பதில் இல்லை. காலையில் முதல் பேருந்தைப் பிடித்தேன். தூக்குவாளியில் புளியோதரை எடுத்துக்கொண்டேன், இரண்டு பேருக்கு.